பதின்மூன்றாம் நம்பர் சாக்கெட்

சனிக்கிழமை காலையில் எங்கள் தெருவில் நடந்தால், வீட்டு முற்றங்களில் நிற்கும் கார்களுக்கு அடியிலிருந்து கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். தென் ஜெர்மனியில் மலையடிவாரத்துச் சிற்றூர் இது. முதன்முதலாகப் பார்த்தபோது யாரோ அடிபட்டுக் கிடக்கிறார் என்று பதறிப்போய் நின்றுவிட்டேன். பிறகு அந்தக் கால்களில் ஒன்று ஆட ஆரம்பித்தது. உள்ளேயிருந்து மெல்லிய சீழ்க்கைச் சத்தம் வந்தது. அவர் ஊர் வங்கியின் மேலாளர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். திருப்பூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் முதலாளி, டயர் பஞ்சரானால்கூட வேப்பமரத்து நிழலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொள்வார். டிரைவர் ஒருவர், மெக்கானிக் ஒருவர், டீ வாங்கிவர ஒருவர் என்று மூன்று பேராவது சுற்றி நிற்பார்கள். இங்கே மேலாளர் மண்ணில் மல்லாந்து படுத்துச் சீழ்க்கை அடிக்கிறார். நம் ஊரில் இதை எழுதினால் யார் நம்புவார்கள் என்று அப்போது நினைத்தேன். இப்போதுதான் எழுதுகிறேன்.

எதிர்வீட்டில் இங்ரிட் என்ற பெண் இருந்தார். வயது நாற்பது இருக்கும். ஊருக்குள் ஓடும் பஸ்ஸை ஓட்டுபவர். அவரும் சனிக்கிழமைகளில் தன் காருக்கு அடியில்தான் இருப்பார். நாங்கள் குடிவந்த சில மாதங்களில் ஒருநாள், நான் அந்தப் பக்கமாகப் போகும்போது அடியிலிருந்து எண்ணெய் படிந்த கை ஒன்று நீண்டது. "ட்ஸேனர் நுஸ், பிட்டே" என்றது குரல். ட்ஸேன் என்றால் பத்து. நுஸ் என்றால் கடையில் விற்கும் கொட்டைப் பருப்பு. பிட்டே என்றால் தயவுசெய்து. பத்துக் கொட்டை கேட்கிறார் என்று விளங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி, டப்பாவிலிருந்து வால்நட் பத்தை எண்ணி எடுத்துவந்து அந்தக் கையில் வைத்தேன். கை மெல்ல உள்ளே போனது. பிறகு வண்டியே குலுங்குகிற மாதிரி ஒரு சிரிப்பு. நட்டின் தலையில் தொப்பி போல மாட்டித் திருகும் சாக்கெட்டுக்கும் இவர்கள் மொழியில் நுஸ் என்றுதான் பெயராம். அவர் கேட்டது பத்தாம் நம்பர் சாக்கெட். வெளியே வந்து தரையில் உட்கார்ந்து, குறடால் வால்நட்டை உடைத்து எனக்கு ஒன்று கொடுத்துத் தான் ஒன்று தின்றார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

நாங்கள் இங்கே வந்தது எண்பதுகளின் கடைசியில். என் வீட்டுக்காரர் பழனிசாமி, வெள்ளகோவில் பக்கத்துக்காரர், திருப்பூரில் வட்டப் பின்னல் மெஷின்களுக்கு மெக்கானிக். நானும் அதே கம்பெனியில், துணியில் குறை பார்க்கும் செக்கிங் மேஜையில் இருந்தேன். அவரை நான் நன்றாகப் பார்த்தது ஒரு ஷிப்மெண்ட் நாளன்று. பெரிய மெஷின் ஒன்று நின்றுவிட்டது. அவரிடம் இருந்தது இரண்டே ஸ்பேனர். அதில் ஒன்று லாரியின் பழைய பட்டைக் கம்பியைத் தேய்த்து அவரே செய்துகொண்டது. நட்டுக்கும் ஸ்பேனருக்கும் நடுவே இடைவெளி இருந்ததால் கட்பீஸ் துணியை மடித்துச் சொருகி, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் திருகினார். ஒரு மணி நேரத்தில் மெஷின் சுற்ற ஆரம்பித்தது. செக்கிங்கில் இருந்த நாங்கள் பன்னிரண்டு பெண்களும் துணியை விட்டுவிட்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு வீட்டில் அவரை எனக்கு மாப்பிள்ளையாகப் பேசியபோது நான் மறுப்புச் சொல்லவில்லை. அந்த மெஷின்களைச் செய்யும் ஜெர்மன் தொழிற்சாலைக்கு அவரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவருடைய கைகளைப் பார்த்துவிட்டு அவர்களே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் நானும் வந்தேன். பக்கத்து ஊரில் ஒரு சாக்ஸ் கம்பெனியில் எனக்கும் செக்கிங் வேலை கிடைத்தது. மொழி தெரியாவிட்டாலும் விரலுக்குத் துணி தெரிந்தது.

அந்தக் கம்பெனிக்குக் காலை ஆறு மணிக்குள் போக வேண்டும். அந்த நேரத்துக்கு மலைப் பாதையில் பஸ் கிடையாது. அதனால் அந்த வேலை கிடைத்த கையோடு, மூன்றாம் வருடம், பழைய கார் ஒன்றை வாங்கினோம். பச்சை நிறம், கதவோரங்களில் துரு. என்னை இறக்கிவிட்டு அவர் தன் தொழிற்சாலைக்குப் போவார். இந்த நாட்டில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வண்டியைச் சோதனைக்குக் காட்ட வேண்டும். எங்கள் முறை வந்தபோது, சோதனை அதிகாரி சக்கரத்துக்குப் பின்னால் விளக்கடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். முன் பிரேக் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. ஒரு மாதத்துக்குள் மாற்றாவிட்டால் வண்டி ரோட்டில் ஓடக் கூடாது. வண்டி ஓடாவிட்டால் என் வேலையும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் கேட்ட கூலி எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. மெஷினையே அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டுகிற மனிதருக்குக் கார் பிரேக் எம்மாத்திரம். தானே செய்துவிடுவதாகச் சொன்னார். கருவிகள் மட்டும் வாங்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழஞ்சாமான் சந்தைக்குப் போனவர் சிவப்புத் தகரப் பெட்டி ஒன்றோடு திரும்பினார். திறந்து காட்டியபோது உள்ளே எண்பது உருப்படிகள் வரிசை வரிசையாக மின்னின. ஸ்பேனர், சாக்கெட், திருப்புளி, குறடு எல்லாம் இருந்தன. அதோடு ஒரு திருகு ஜாக்கியையும் கொசுறு மாதிரி கொடுத்திருந்தார்கள். இவ்வளவு குறைந்த விலைக்கு இவ்வளவா என்று அவருக்குக் கண் நிறைந்திருந்தது. இரண்டே ஸ்பேனரோடு பத்து வருடம் ஓட்டியவர் அல்லவா. நான் ஒரு சாக்கெட்டை எடுத்து விளிம்பில் விரலை ஓட்டினேன். ஒரு பக்கம் சுவர் தடிமனாக இருந்தது, எதிர்ப்பக்கம் மெலிந்திருந்தது. எண் பொறித்த இடத்தில் முலாம் பொரிந்து நின்றது. அதைச் சொன்னேன். அவருக்குச் சுருக்கென்றது.

"ஸ்பேனரு எதுவா இருந்தா என்ன அம்மிணி, கை சரியா இருந்தாப் போதும்" என்றார்.

அவர் கையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என் விரல் கற்ற பாடம் வேறு. செக்கிங்கில் சேர்ந்த இரண்டாம் வருடம், தோள்பட்டையில் ஒரேயொரு பின்னல் கண்ணி விட்டுப்போன பனியனை, கடுகளவு ஓட்டைதானே என்று நல்ல சரக்குக் கட்டோடு வைத்துவிட்டேன். அது கடல் கடந்து போய்த் திரும்பி வந்தது. எங்கள் எக்ஸ்போர்ட் மேனேஜர் என்னைத் திட்டவில்லை. அந்தப் பனியனை என் மேஜைமேல் விரித்து ஓட்டைக்குப் பக்கத்தில் லேசாக இழுத்தார். கண்ணிகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே மார்புவரை இறங்கின. அந்த முழு லாட்டையும் பன்னிரண்டு பேரும் மூன்று நாள் உட்கார்ந்து மறுபடி பிரித்துப் பார்த்தோம். அப்போதுதான் குறைகளில் இரண்டு ஜாதி உண்டென்று தெரிந்தது. எண்ணெய்க் கறை, சாயத் திட்டு, கோணல் தையல் எல்லாம் இருந்த இடத்தில் நிற்கிற குறைகள். அப்படிப்பட்டவற்றைச் செகண்ட்ஸ் என்று திருப்பூரின் மலிவுத் துணிச் சந்தையான காதர்பேட்டைக்கு அனுப்பினால் வாங்குகிறவர் வருடக்கணக்கில் போட்டுக்கொள்வார். விட்டுப்போன கண்ணி அப்படியில்லை, அது ஓடுகிற குறை. இதை அவரிடம் அன்றே சொல்லியிருக்கலாம். புதுப் பெட்டியைக் கண்டு பூரித்துப் போயிருந்த மனிதரிடம் சொல்ல வாய் வரவில்லை.

சனிக்கிழமை வந்தது. முற்றத்தில் ஜாக்கியை வைத்துக் காரின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட் பதின்மூன்றாம் நம்பர். பல வருடத் துரு. சாக்கெட்டை மாட்டி, மூச்சைப் பிடித்துத் திருகினார். விறகு தெறிக்கிற மாதிரி ஒரு சத்தம். சாக்கெட் இரண்டாகப் பிளந்துவிட்டது. வேகத்தில் போன கை இரும்பில் மோதி, விரல் முட்டிகள் நான்கிலும் தோல் கிழிந்தது. போல்ட்டின் தலை மூலைகள் வழவழவென்று மழுங்கிப் போயின. அவர் ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிளந்த சாக்கெட்டின் ஒரு பாதி காருக்கு அடியில் உருண்டு போயிருந்தது.

அதை எடுக்க மல்லாந்து படுத்து உள்ளே நகரப் போனார். எனக்கு அந்த ஜாக்கியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதுவும் அதே கடைச் சரக்குத்தானே. முட்டுக்கு எதையாவது வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். ரெண்டு நிமிச வேலை என்றார். கோபத்தில் இருக்கிறவரோடு வாதாட விருப்பம் இல்லாமல், ஓரமாகக் கிடந்த சக்கரத்தைக் காலாலேயே தள்ளிக் காரின் அடிச்சட்டத்துக்குக் கீழே படுக்கப் போட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தலையையும் தோளையும் உள்ளே விட்டார். கை நீட்டி அந்தத் துண்டை எடுத்திருப்பார், அவ்வளவுதான். ஜாக்கியின் நடுவில் இருந்த ஆணி வளைந்தது. அது வளைவதை நான் கண்ணால் பார்த்தேன். பார்க்க முடிந்தது, கூப்பிட முடியவில்லை. வண்டி பக்கவாட்டில் சரிந்து இறங்கியது.

நான் தள்ளிப் போட்ட சக்கரத்தின் மேல் விழுந்து நின்றது. தகரம் நசுங்கிய சத்தம் அடங்கியபின் தெருவில் எதுவும் கேட்கவில்லை. நான் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன். அவருடைய கன்னத்துக்கும் காரின் அடித்தகட்டுக்கும் நடுவே உள்ளங்கை அகலம் இருந்தது. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல அம்மிணி, அசையாம இருக்கறேன். நீ யாரையாச்சும் கூப்புடு" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. இங்ரிட் தன்னுடைய சக்கரம் வைத்த பெரிய ஜாக்கியை இழுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடிவந்துகொண்டிருந்தார். நாலு அழுத்தில் வண்டி மேலே போனது. அடியில் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தி, கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவரை வெளியே வரச் சொன்னார். வெளியே வந்தவர் புல்லில் உட்கார்ந்தார். இங்ரிட் என் தோளைப் பிடித்துக்கொண்டு "க்ளுக் கெஹாப்ட்" என்றார். க்ளுக் என்றால் சந்தோஷம் என்று மட்டுமே எனக்குத் தெரியும். என் கணவர் சாகக் கிடந்து எழுந்து வந்திருக்கிறார், சந்தோஷம் கிடைத்தது என்கிறாரே இந்த அம்மாள் என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. அதிர்ஷ்டத்துக்கும் சந்தோஷத்துக்கும் இவர்கள் மொழியில் ஒரே வார்த்தை என்று பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு எனக்கு அந்த இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கவும் இல்லை.

திங்கட்கிழமை மாலை இங்ரிட் எங்களை ஊர்ச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த கருவிக் கடைக்குக் கூட்டிப்போனார். நகைக்கடையில் ஆரம் மாட்டியிருப்பது போல் சுவரெங்கும் ஸ்பேனர்கள் மாட்டியிருந்தன. கடைக்காரர் மேஜைமேல் பச்சைக் கம்பளித் துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் ஒரு பதின்மூன்றாம் நம்பர் சாக்கெட்டை வைத்தார். நான் அதைக் கையில் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். செக்கிங்கில் சந்தேகம் வந்தால் நான் அப்படித்தான் செய்வேன். விளிம்பு முழுக்க ஒரே தடிமன். உள்ளே மூலைகள் கூராக இல்லாமல் லேசாக வளைந்திருந்தன. எங்கேயும் விரல் தடுக்கவில்லை. நம் ஊரில் மிக உயர்ந்த நூலில் ஓட்டிய துணி விரலுக்குக் கீழே போகும்போது வருகிற அந்த மௌனம், இரும்பிலும் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இந்த அம்மாள் பிரார்த்தனை செய்கிறாரா என்று இங்ரிட்டிடம் கேட்டாராம். இங்ரிட் ஆமாம் என்று சொல்லிவிட்டார். நான் கண் திறக்கும்வரை அவர் கைகளைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார்.

அங்கே இருந்ததில் மிகச் சிலவற்றைத்தான் எங்களால் வாங்க முடியும். என் வீட்டுக்காரருக்கு ஒரு முழு ஸ்பேனர் செட்டின் மேல் கண் போயிருந்தது. உயிர் போய்த் திரும்பிய இரண்டு நாளில் மனிதர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தாவிவிட்டார். மலிவானது எதையும் இனித் தொடுவதில்லை, தகரப் பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போடப்போவதாகச் சொன்னார்.

"எல்லாத்தையும் எதுக்குங்க மாமா போடோணும்" என்றேன். "திருப்புளியும் சுத்தியலும் கோணலா இருந்தாக் கோணலாவே இருக்கும், அது நிக்கிற குறைங்க. போல்ட்டப் புடிக்கறதும், வண்டியத் தூக்கி நிறுத்தறதும் அப்படி இல்லீங்க. அங்க குறை இருந்தா ஓடும்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பனியன் கம்பெனியில் மெஷின் ஓரத்தில் நின்று, எங்கே பழுது என்று ஓசை கேட்கிறபோது இருக்குமே, அப்படி ஒரு பார்வை. பிறகு, நான் காட்டிய பொருள்களைத் தவிர வேறொன்றையும் கேட்கவில்லை. நல்ல ஜாக்கி ஒன்று, ஸ்டாண்டு இரண்டு, சாக்கெட்டைத் திருகும் கைப்பிடி ஒன்று, சாக்கெட் நான்கு. ஜாக்கியை அவர் சுமந்தார். ஸ்டாண்டுகளை நானும் இங்ரிட்டும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம்.

மழுங்கிய போல்ட் அப்படியே இருந்தது. அதை இனி வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். புதுச் சாக்கெட்டை மாட்டிப் பார்த்தார். மூலைகள் இல்லாத தலையை, அதன் தட்டையான பக்கங்களில் அணைத்துப் பிடித்தது. பாதி வலுவைக்கூடப் போட்டிருக்க மாட்டார், போல்ட் சிறு முனகலோடு திரும்பிக் கொடுத்தது. அவர் கையை எடுத்துவிட்டு என்னை வரச் சொல்லி, அடுத்ததை என்னைத் திருகச் சொன்னார். நான் வாழ்நாளில் ஸ்பேனர் பிடித்தவள் இல்லை. கைப்பிடியை இழுத்தேன். இரும்பு என் பேச்சைக் கேட்டது. வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் தரையில் உட்கார்ந்து, ஆறாத விரல் முட்டிகளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இத்தன வருசமும் கையிதான் வேல செஞ்சிருக்குது அம்மிணி. சாமான் எதுவும் செய்யல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இது மாதிரி ஒண்ணு அன்னிக்கு இருந்திருந்தா துரைசாமிக்கு வெரலு போயிருக்காது" என்றார்.

துரைசாமி அவரோடு திருப்பூரில் வேலை பார்த்தவர், மடத்துக்குளத்துக்காரர். ஸ்பேனர் வழுக்கி, ஓடும் பல்சக்கரத்தில் கை போய் ஆள்காட்டி விரலை இழந்தவர். அது அவருடைய கவனக்குறைவு என்றுதான் கம்பெனியில் எல்லோரும் பேசினோம். நானும் பேசினேன். துரைசாமியும்கூட அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். இங்கே ஒரு வங்கி மேலாளருக்குக் கிடைக்கிற இரும்பு, அங்கே இந்த நாடுகளுக்கெல்லாம் உடுப்பு அனுப்புகிற கைகளுக்குக் கிடைக்கவில்லை என்பதும், அந்தக் கைகள் அது இல்லாமலே அத்தனை மெஷின்களையும் ஓட்டிவந்தன என்பதும் ஒன்றாக எனக்குள் வந்து நின்றன. எதை நினைத்து அதிகம் வியப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் அவர் துரைசாமிக்குக் கடிதம் எழுதினார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது.

கெடு முடியுமுன் சோதனைக்கு மறுபடி போனோம். அதே அதிகாரி குனிந்து விளக்கடித்துப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, திரும்ப இந்தப் பக்கம் வந்தார். வேலை மிகச் சுத்தம், எங்கே செய்தது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் "ட்ஸு ஹௌஸ" என்றார். எங்கள் வீட்டில் என்று அர்த்தம், சொந்த ஊரில் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அதிகாரி எங்கள் முகங்களைப் பார்த்தார். "இந்தியாவிலா?" என்றார் நிஜமான ஆச்சரியத்தோடு. பிரேக் மாற்றுவதற்காக வண்டியை அவ்வளவு தூரம் கொண்டுபோனோம் என்று நினைத்தாரோ என்னவோ. இவரும் குழம்பிப்போய் முதலில் ஆமாம் என்றார், பிறகு இல்லை என்றார். அதிகாரி மேலே கேட்காமல் முத்திரை வில்லையை ஒட்டிவிட்டார்.

அதற்குப் பின் வந்த திங்கட்கிழமை காலை, பனி மூடிய மலைப் பாதையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். வளைவில் ஒரு லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டோம். அதன் தார்ப்பாய் பின்பக்கம் அவிழ்ந்து ஆடியது. உள்ளே ஆளுயர மரப்பெட்டிகள் இருந்தன. எங்கள் விளக்கு வெளிச்சம் பட்ட பெட்டியில் கறுப்பு மையால் ஆங்கில எழுத்தில், திருப்பூர் என்றும், அதற்குக் கீழே கொச்சி வழி என்றும் எழுதியிருந்தது. போன வாரம் தொழிற்சாலையில் அவர் கையால் முறுக்கி முடித்த மெஷின்கள். ரோடு நேரானதும் முந்திப் போக இடம் கிடைத்தது. அவர் முந்தவில்லை. நானும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. பிரேக்கில் லேசாகக் காலை வைத்தபடி, ஊர் பெயரைப் படித்துக்கொண்டே அதன் பின்னால் ஊர்ந்து போனோம். அடிவாரத்தில் சாலை இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் துறைமுகத்துக்குப் போகும் பெரிய சாலை. லாரி அந்தப் பக்கம் விளக்குப் போட்டுத் திரும்பியது. நாங்கள் இடது பக்கம் திரும்பினோம். பின்கண்ணாடி வழியாக அது பனிக்குள் மறைகிறவரை நான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் சாக்ஸ் கம்பெனியின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன.